டென்ட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

போன வாரம் காலை நடை முடித்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டு நண்பர் ஒரு விஷயம் கேட்டார். அவருக்கு அடுத்த மாதம் அறுபது முடிகிறது. பெங்களூரில் இருக்கும் பையன், "மோதிரம் எல்லாம் வேண்டாம்ப்பா, ரிட்டையர் ஆனா மலை ஏறணும்னு சொல்லிட்டே இருந்தீங்களே, நல்ல டென்ட் ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்றானாம். இரண்டு டென்ட்டுகளின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டான். ஒன்றில் "த்ரீ சீசன்" என்று போட்டிருக்கிறது. மற்றதில் "ஃபோர் சீசன்".

"மூணை விட நாலு பெரிசுதானுங்களே? எல்லாப் பருவத்துக்கும் ஆகும்னா அதையே வாங்கச் சொல்லிடறனுங்க" என்றார்.

எனக்கு டீ தொண்டையிலேயே நின்றது. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே கணக்கைப் போட்டவன் நான். போட்டதோடு விடாமல் அதை இன்னொருவர் முதுகில் ஏற்றியும் விட்டேன். அந்தக் கதையை இதுவரை இங்கே எழுதவில்லை. எழுதக் கூச்சமாக இருந்தது. நண்பர் கேட்டுவிட்டதால் எழுதிவிடுகிறேன்.

நான் மின்வாரியத்தில் சிவில் பிரிவில் இருந்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆரம்பத்தில் எட்டு வருஷம் நீலகிரியில் சர்வே வேலை. அவலாஞ்சி, அப்பர் பவானிப் பக்கம் வாரக்கணக்கில் டென்ட் வாசம். அந்த டென்ட் இப்போது கடையில் தொங்குகிற பட்டாம்பூச்சிச் சமாச்சாரம் அல்ல. கெட்டி கான்வாஸ். நடுவில் மூங்கில் கம்பம், சுற்றிலும் கயிறு, மரமுளை. காய்ந்திருந்தால் இரண்டு ஆள் சுமை, நனைந்தால் நாலு ஆள். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரைத் திருப்பி விடுவோம். மழை பெய்யும்போது உள்ளேயிருந்து கூரையை விரலால் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும். புதிதாக வந்த செயின்மேன் யாராவது தொட்டுவிட்டால் அன்று ராத்திரி அந்த ஒழுகலுக்கு அடியில் அவன்தான் படுக்க வேண்டும். அது எங்கள் கேம்ப் சட்டம்.

ஆனால் அந்தக் கான்வாஸுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. பருத்தி நூல் நனைந்தால் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் மூச்சு விடும். நாங்கள் ஆறு பேர் உள்ளே படுத்து மூச்சு விட்டாலும் அந்த ஈரம் துணி வழியாக வெளியே போய்விடும். இது ஒரு விசேஷம் என்று அப்போது எனக்குத் தெரியாது. டென்ட் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வருஷ அனுபவம் இருக்கிறது, டென்ட் பற்றி நமக்குத் தெரியாததா என்ற திமிரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

இனி என் சம்பந்தி. மருமகளின் அப்பா. ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்து பிள்ளையிடம் ஒப்படைத்தவர். என்னை விட இரண்டு வயது சின்னவர், என்னை விட நல்ல நடையர். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மலைக்குப் போக ஆரம்பித்தோம். சம்பந்திகள் இப்படி ஒட்டிக்கொள்வது நம் பக்கத்தில் அபூர்வம். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் என்கிற விறைப்பெல்லாம் மூன்று கிலோமீட்டர் ஏற்றத்தில் கரைந்துவிடும்.

சொந்தமாக டென்ட் வாங்கலாம் என்று முடிவானபோது அவர், "நீங்க இஞ்சினியருங்க, நீங்க சொன்னாச் சரிங்க சம்பந்தி" என்றார். நானும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். மூன்று பருவ டென்ட்டில் குளிர்காலம் சேராது, நாலு பருவ டென்ட் பனியையும் தாங்கும் என்று போட்டிருந்தது. எனக்கு உடனே அவலாஞ்சியின் மார்கழி விடியற்காலை ஞாபகம் வந்தது. புல்லெல்லாம் உப்புத் தூவினது மாதிரி வெள்ளையாக உறைந்து கிடக்கும். பனி இருக்கிறதே, நாலு பருவமே வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன். எடை மூன்று கிலோ எண்ணூறு. இரண்டு பேருக்கு அது பெரிய எடையா என்று நினைத்தேன்.

எங்கே தவறினேன் என்று இப்போது சொல்ல முடியும். 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் ஏமாந்தேன். தமிழில் புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, மூடுபனியும் பனி, ஊட்டியில் உறைவதும் பனி, இமயமலையில் ஆள் உயரத்துக்குக் கொட்டுவதும் பனி. டென்ட்காரன் நாலாவது பருவம் என்று சொல்வது கடைசியாகச் சொன்ன அந்தக் கொட்டுகிற பனியை. அதன் பாரம் கூரையில் ஏறி உட்கார்ந்தால் நசுங்கக் கூடாது, சூறைக்காற்றில் ஒடியக் கூடாது என்பதற்காகத்தான் அதற்கு அத்தனை கம்பி, அத்தனை கெட்டித் துணி. காற்றோடு பனித்தூள் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களைச் சின்னதாக வைத்து, மேல்துணியைத் தரை வரைக்கும் இறக்கியிருப்பார்கள். உள்ளறையிலும் வலைக்குப் பதில் துணி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வசந்தம், கோடை, இலையுதிர் காலம் போக மிச்சமிருக்கும் நாலாவது அது. நமக்கோ கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு. இந்த ஆறில் ஒன்றில்கூட நம் மலைகளில் டென்ட் மேல் பனிக்கட்டி கொட்டாது.

நாங்கள் போனது ஐப்பசி நடுவில், சரியான கூதிர் காலம். கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறையைத் தாண்டித் தெரிந்தவர் ஒருவரின் பூண்டுத் தோட்டம். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடை. டென்ட்டைச் சம்பந்தி எடுத்துக்கொண்டார். அடுப்பு, அரிசி, பருப்பு என் பையில். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. சாரல் அடிக்கிறதே என்று இருந்த இரண்டு சின்ன ஜன்னல்களையும் இழுத்து மூடினோம். நடு ராத்திரிக்கு மேலே சொட்டு விழ ஆரம்பித்தது. "ஒழுகுதுங்க சம்பந்தி" என்றார் அவர். நான் டார்ச் அடித்துத் தையலைத் தேடினேன். தையலில் ஒன்றும் இல்லை. உள்பக்கம் முழுக்க வியர்த்து வழிந்துகொண்டிருந்தது. எங்கள் மூச்சுதான். ஒரு ஆள் ராத்திரி முழுக்க விடும் மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குறையாமல் இருக்கும். இரண்டு பேர், மூடின டப்பா, வெளியே குளிர்ந்த மழை. தண்ணீர் வேறு எங்கே போகும்? இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் இரண்டும் கால்மாட்டில் நனைந்து கட்டிதட்டிப் போயின. மூன்று மணிக்குச் சம்பந்தி எழுந்து உட்கார்ந்து ஈரிழைத் துண்டால் கூரையைத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே மண்டிக் கதை சொன்னார், சிரித்தார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

விடிந்தும் மழை. நனைந்ததை நனைந்தபடியே சுருட்டிக் கட்டினோம். பிற்பாடு வீட்டில் தராசில் மாட்டிப் பார்த்தேன், ஐந்து கிலோ இருநூறு. அந்தப் பாரத்தோடு செம்மண் சரிவில் இறங்கும்போது அவருடைய இடது கால் வழுக்கியது. கீழே விழக்கூட இல்லை. முட்டி மட்டும் திரும்பிக்கொண்டது. உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. துளை போட்டு ஒரு ஆபரேஷன், மூன்று மாதம் பிசியோதெரபி. அப்புறம் மலைப் பேச்சே இல்லை.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பேரனின் காதுகுத்துக்கு வந்தவர் கைத்தடியோடு படியேறினார். காபி கொண்டு வந்த மருமகள் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "மாமா, இனிமே அப்பாகிட்ட மலை கிலைன்னு பேச்செடுக்காதீங்க" என்றாள். பொறுமையான பெண் அவள். அவள் வாயிலிருந்து அது வந்ததுதான் என்னை அறைந்தது.

அதற்கு அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். நாலைந்து டென்ட்டுகளை நண்பர்களிடம் வாங்கி மொட்டை மாடியில் போட்டு, பைப்பில் தண்ணீர் பாய்ச்சி, உள்ளே படுத்துப் பார்த்தேன். என் மனைவி அக்கம்பக்கத்தில் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று இன்று வரை கேட்கவில்லை.

என் தீர்மானம் இதுதான். நம் ஊர் மலைக்கு டென்ட் தேர்ந்தெடுக்கும்போது குளிரைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். குளிருக்கு ஸ்லீப்பிங் பேக் இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது, குரங்குக் குல்லா இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் மாற்ற வேண்டியது அவற்றைத்தான். டென்ட் ஒன்றே போதும். உள்ளே வலை அறை, அதற்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தனிக் கூரைத் துணி. இந்த இரண்டடுக்கு டென்ட்டில் நம் மூச்சு வலை வழியாகப் போய் மேல்துணியில் படியும். வழிந்தால் வலைக்கு வெளியே வழியும். மழையில்கூட மேல் ஜன்னல்களைத் திறந்தே வைக்க வேண்டும். மூடினால் குளிராது என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒற்றை அடுக்கு டென்ட் எடை குறைவுதான், ஆனால் பக்கத்தில் நகர்ந்தால் ஈரச்சுவர் தோளில் படும். இளைஞர்கள் பட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். சில டென்ட்டில் உள்ளறையை முதலில் நிறுத்தி அதற்கு மேல் கூரையைப் போட வேண்டும். மழையில் நீங்கள் கூரையைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளறை குளமாகிவிடும். கூரையும் உள்ளறையும் சேர்ந்தே எழும்புகிற மாதிரியோ, கூரையை முதலில் நிறுத்திவிட்டு உள்ளே நின்று மிச்சத்தை மாட்டுகிற மாதிரியோ இருந்தால் ஐப்பசியிலும் தைரியமாகப் போகலாம். வாசலுக்கு முன்னால் கூரைத்துணி நீண்டு ஒரு திண்ணை மாதிரி இருக்க வேண்டும். ஈரச்செருப்பும் பையும் அங்கே. ஈரத்தை உள்ளே கொண்டுபோகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

துணியின் நீர்தாங்கும் திறனை 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். பலர் இதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதற்கு 'ஹெட்' என்று பெயர். துணியின் மேல் அத்தனை மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் ஊடுருவும் என்று அர்த்தம். மழைத்துளிக்கு 1,500 தாராளம். தரைக்குத்தான் கணக்குப் போட வேண்டும். 70 கிலோ ஆள் முட்டி போட்டால் தரையில் படுகிற இடம் சுமார் 100 சதுர செ.மீ. அப்படியானால் ஒரு சதுர செ.மீ.க்கு 700 கிராம், அதாவது ஏழு மீட்டர் ஹெட். பாதி எடை பாதத்தில் போகிறது என்று வைத்தாலும் மூன்றரை மீட்டர். 3,000 மி.மீ. தரையும் தேங்கின தண்ணீர் மேல் முட்டி போட்டால் கசியத்தான் செய்யும். அதனால் தரைத்துணிக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதை விட, தண்ணீர் தேங்காத மேட்டைத் தேடுங்கள். வாய்க்கால் வெட்டாதீர்கள். நாங்கள் வெட்டினோம், உண்மை. புல்வேர் போன அந்தக் கோடு அடுத்த மழையில் ஓடையாகும் என்று அப்போது யோசிக்கவில்லை.

பனிக்காலம் இன்னும் சுலபம். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்திருக்கும், மழை இல்லை. மேல்துணி வானத்தைப் பார்த்துக்கொண்டு வெப்பத்தை இழந்து சில்லிட்டுவிடும். காலையில் உள்ளும் புறமும் முத்து முத்தாக ஈரம் நிற்கும். குளிர்காற்று கனமானது, இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் பள்ளமான புல்வெளிகள் முதலில் வெளுப்பது அதனால்தான். ஓடைக்கரை அழகாக இருக்கிறது என்று அங்கே டென்ட் போடாதீர்கள். இருபது அடி மேலே ஏறிப் போட்டால் ஈரமும் குறையும், குளிரும் குறையும். இதற்கு ஒரு கிராம்கூடக் கூடுதல் எடை இல்லை.

வேனிலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூரையைச் சுருட்டி வைத்துவிட்டு வலைக்குள் நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் காய்ந்த புல்லும் காட்டுத்தீயும் உள்ள மாதங்கள் அவை. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆடி மாத நீலகிரிக்கோ எந்த டென்ட்டும் வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. நான் எட்டு வருஷம் கிடந்த இடம் அது. அந்தச் செய்தியைப் படித்தபோது வீட்டில் ஓட்டுக்கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எந்தப் பருவமானாலும் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் டென்ட் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடிப் பக்கம் டென்ட்டில் தங்கப் போன ஒரு ஆசிரியை யானை தாக்கி இறந்துபோனார். யானைக்கு எல்லா டென்ட்டும் ஒன்றுதான்.

நம் வயதுக்காரர்களுக்கு மட்டும் தனியாகச் சில விஷயங்கள் உண்டு. எந்த விளம்பரத்திலும் வராது. ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறதா இல்லையா? வாசல் தலைமாட்டில் இருந்தால் தவழ்ந்து பின்னால் போக வேண்டும். ஒரே வாசல் என்றால் பக்கத்தில் படுத்தவரின் வயிற்றில் கை ஊன்ற வேண்டும். சம்பந்தி வயிற்றில் ஊன்றியவன் சொல்கிறேன். பக்கவாட்டில் வாசல், ஆளுக்கொரு வாசல். நடுவில் நிமிர்ந்து உட்காரும் உயரம், ஒரு மீட்டராவது. குனிந்து பேன்ட் மாற்றி இடுப்பு பிடித்துக்கொண்டால் மறுநாள் நடையே போச்சு. இதற்காக 200 கிராம் கூடினாலும் கூடட்டும்.

எடையைக் குறைக்க இப்போது ஊன்றுகோலையே கம்பமாக நடும் டென்ட்டுகள் வந்திருக்கின்றன. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1895-ல் நங்க பர்பத்தில் காணாமல் போன மம்மரி, பனிக்கோடரிகளையே கம்பமாக வைத்து டென்ட் போட்டவர். எப்படியும் கோல் ஊன்றித்தான் நடக்கிறோம், தனிக் கம்பி எதற்கு என்று எனக்கும் சபலம் தட்டியது. மாடியில் ஒரு ராத்திரி படுத்தேன். இரண்டு மணிக்கு எழுந்து பழக்கத்தில் கோலை எடுத்தேன். வீடு தலையில் இறங்கியது. கோல் இல்லாமல் ராத்திரியில் நாலு அடி நடக்க முடிகிறவர்கள் மட்டும் வாங்குங்கள்.

என் பேத்தி ஒரு கதை கண்டுபிடித்துச் சொன்னாள். எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி, பதினொரு பிள்ளை பெற்றவர், 1955-ல் தம் 67-வது வயதில் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் நடந்தாராம். டென்ட்டே கிடையாது. குளியலறைத் திரை ஒன்றைத்தான் மழைக்கு வைத்திருந்தார். "உங்களுக்கு மட்டும் எதுக்கு தாத்தா இவ்வளவு ஆராய்ச்சி?" என்றாள். நியாயமான கேள்வி. அந்தப் பாதையில் நடுநடுவே தங்கும் கொட்டகைகள் உண்டு, வழியில் யார் யாரோ வீட்டில் இடம் கொடுத்தார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். உள்ளுக்குள், அந்தப் பாட்டி என்னைப் பார்த்தால் சிரிப்பார் என்றுதான் தோன்றியது.

கடைசியில் நான் வாங்கியது, பையோடும் ஆணிகளோடும் சேர்த்து ஒரு கிலோ எழுநூறு. பெட்டியில் ஒன்றரை கிலோ என்று போட்டிருந்தது. ஆணி, பை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கணக்குக் காட்டுவது அந்தத் தொழிலின் வழக்கம், அதனால் எடை போட்டுப் பாருங்கள். பிராண்டு கேட்காதீர்கள், மாடல் மாறிக்கொண்டே இருக்கிறது. அலுமினியக் கம்பி. ஃபைபர் கம்பி மலிவு, கனம், நாளானால் சிம்பு சிம்பாகப் பிளக்கும். ஆணி அடிக்காமலே நிற்கிற ரகம். அதன் அருமை போன வருஷம் செப்டம்பரில் இமாச்சலத்தில் ஹம்ப்டா கணவாய்க்குப் போனபோது தெரிந்தது. அங்கே ஒரு முகாமின் பெயரே பாலு கா கேரா, மணல் திடல். ஆணி அடித்தால் விரலால் பிடுங்கலாம். டென்ட்டை நிறுத்திவிட்டு நாலு மூலையிலும் கல்லைக் கட்டினேன், நின்றது. சுமையை நானே தூக்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன், கோவேறு கழுதை தூக்கியது. கணவாய் சுமார் 4,270 மீட்டர். ஏறுகிற குலு பக்கம் பச்சைப் பசேல், மழைத்தூறல். இறங்குகிற லாஹௌல் பக்கம் மொட்டைப் பாறை, வறண்ட காற்று. ஒரே நாளில் இரண்டு பருவம். இந்தப் பக்கம் என் வலை டென்ட் ராஜா. அந்தப் பக்கம் ராத்திரி முழுக்க வலை வழியாகப் புழுதியும் குளிரும் முகத்தில் அடித்தன, துண்டைச் சுற்றிக்கொண்டு படுத்தேன். அடிக்கடி அங்கே போகிறவர்கள், கீழ்ப்பாதி துணியும் மேல்பாதி வலையுமாக இருக்கும் உள்ளறை வாங்கலாம். நம் மலைக்கும் அது கெடுதல் செய்யாது. பனிக்கட்டி கொட்டும் மாதத்தில் இமயமலைக்குப் போகிறவர்களுக்குத்தான் நாலு பருவ டென்ட். அவர்களுக்கு என் யோசனை தேவைப்படாது.

வாங்கின பிறகு பத்திரப்படுத்துவதில்தான் நம் ஊரில் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பாலியூரிதேன் பூச்சு உள்ள துணி ஈரத்தோடும் சூட்டோடும் கிடந்தால் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், புளித்த நாற்றம் அடிக்கும். அப்புறம் குப்பைதான். நம் வீட்டுப் பரணை விட இதற்குத் தோதான இடம் உலகத்தில் கிடையாது. சிலிக்கான் பூச்சுக்கு இந்த வியாதி இல்லை. விலை கூட, தையல்களுக்கு நாமே பசை தடவ வேண்டியிருக்கும், நைலானாக இருந்தால் மழையில் தொய்யும், ராத்திரியில் ஒரு தடவை கயிற்றை இழுத்துவிட வேண்டும். எதுவானாலும் நிழலில் நன்றாகக் காயவைத்து, இறுக்கிச் சுருட்டாமல் பழைய வேட்டியில் தளரக் கட்டி பீரோவில் வையுங்கள். என்னுடையது பட்டுப்புடவைத் தட்டுக்குக் கீழ்த்தட்டில் இருக்கிறது. அந்த இடம் கிடைக்க நான் பட்ட பாடு தனிப் பதிவு.

எதிர்வீட்டு நண்பரிடம் இத்தனையும் சொல்லவில்லை. டீ ஆறிவிடும். முதுகுப்பையில் ஆறு கிலோ அரிசியைப் போட்டு மாட்டிக்கொண்டு, அபார்ட்மென்ட் படியில் மூன்று மாடி ஏறி இறங்குங்கள், மறுநாள் இன்னும் இரண்டு கிலோ போட்டு இறங்குங்கள், ஏறும்போது அல்ல, இறங்கும்போது முட்டி என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுப் பையனிடம் பேசுங்கள் என்று மட்டும் சொன்னேன். நேற்று வந்தார். "எட்டு கிலோவுல ரெண்டாவது மாடி தாண்டலீங்க. பையன்கிட்ட சின்னதையே வாங்கச் சொல்லிட்டனுங்க" என்றார்.

ஈரோட்டில் அந்த நாலு பருவ டென்ட் இன்னும் இருக்கிறது. மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போது காக்கைக்கு மறைவாகச் சம்பந்தி வீட்டம்மா அதன் மேல்துணியைக் கட்டுகிறார்கள். காற்றுக்கு அசையாமல் நிற்கிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியே போன் செய்தார். பூண்டுத் தோட்டக்காரர் தைக்குக் கூப்பிட்டிருக்கிறார், இப்போது தோட்டம் வரைக்கும் ஜீப் போகிறதாம். "டென்ட் நீங்க தூக்கிக்குங்க, நான் டிபன் கேரியரைத் தூக்கிக்கறேன்" என்றார். மருமகளிடம் அவரே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்து டென்ட்டை மாடியில் விரித்திருக்கிறேன், தையலுக்குப் பசை தடவ.